அழைக்கும் குரலுக்குச் செவி சாய்ப்பவர் யார்?

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள் அமெரிக்காவில் ஒரு தொலைபேசி வழி அடைக்கப்பட்டது. மனமுடைந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு போராடுவோர் அழைப்பதற்கென அந்நாட்டில் 988 என்னும் எண் உள்ளது. அந்த எண்ணை அழைத்து, அடுத்து 3 என்னும் பொத்தானை அழுத்தினால், திருநர் இளையோரிடமும் தன்பால் ஈர்ப்புடைய இளையோரிடமும் பேசுவதற்கெனத் தனிப்பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் மறுமுனையில் பேசுவார். 25 வயதிற்கு உட்பட்டோருக்காக ஏற்படுத்தப்பட்டிருந்த அந்தத் தனி வழியை அமெரிக்க அரசு அன்று மூடியது. அதற்குள் ஏறத்தாழ 13 இலட்சம் அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் அவ்வழியே வந்திருந்தன.

மூடியது சரியா, தவறா என்று அந்நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது. பொதுப்பணம், பெற்றோர் உரிமை, மதநம்பிக்கை, மருத்துவம், அரசியல் எனப் பலவும் அவ்விவாதத்தில் கலந்துவிட்டன.

அன்பிற்குரிய வாசகர்களே! எங்கோ ஒரு நாட்டின் தொலைபேசிப் பொத்தானைப் பற்றி நமது குடும்ப இதழில் எழுதுவானேன் என்று நீங்கள் வினவலாம். திருநர் என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மில் சிலர் முகம் சுளித்துப் பக்கத்தைப் புரட்டவும் கூடும். சற்றுப் பொறுத்துப் படியுங்கள். அந்த விவாதத்தின் அடியில் எல்லாப் பெற்றோருக்கும் உரிய ஒரு வினா கிடக்கின்றது. நமக்கு விளங்காத, நமக்கு உடன்பாடில்லாத ஒரு நிலையில் இருக்கும் பிள்ளை, உயிர் போகும் நேரத்தில் குரல் கொடுத்தால் நாம் முதலில் செய்ய வேண்டியது யாது? அப்பிள்ளையோடு வாதிடுவதா? அப்பிள்ளையை மீட்பதா?

ஒரு சிறுமியின் இறுதிச் சடங்கில் பிறந்த எண்ணம்

தொலைபேசி வழியே துயருற்றோருக்குச் செவி கொடுக்கும் பணி எவ்வாறு தோன்றியது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

1935-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்னும் இளம் பாதிரியார், தம் பணிக்காலத்தின் முதல் இறுதிச் சடங்கை நடத்தினார். இறந்தவள் 14 வயதுச் சிறுமி. அவளுக்கு மாதவிலக்கு தொடங்கியிருக்கின்றது. இன்னதென்று எடுத்துச் சொல்ல அவளுக்கு ஒருவரும் இல்லை. தனக்குக் கொடிய நோய் வந்துவிட்டதென அஞ்சி அவள் தன் உயிரைப் போக்கிக்கொண்டாள். இயற்கையான ஓர் உடல் மாற்றத்தைப் பற்றிக் கேட்பதற்கு ஓர் ஆள் இல்லாமற் போனதால் ஓர் உயிர் அழிந்தது என்ற எண்ணம் அப்பாதிரியாரை விட்டு அகலவில்லை. 1953-ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் மாநகரில் தமது தேவாலயத்திலிருந்தே ஒரு தொலைபேசியைக் கொண்டு அவர் பணியைத் தொடங்கினார். ‘சமாரிட்டன்ஸ்’ என்னும் அமைப்பு அவ்வாறு பிறந்தது.

அவரும் அவருடைய தொண்டர்களும் விரைவிலேயே ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். அழைப்பவருள் மிகப்பலர் அறிவுரையை நாடி அழைப்பதில்லை. இடைமறிக்காமல், ஏசாமல், தம் துயரை முழுவதுமாகக் கேட்கக்கூடிய ஒருவரையே அவர்கள் நாடினர். ஆகவே அமைப்பின் நெறியும் அவ்வாறே வகுக்கப்பட்டது. உலகெங்கும் பரவிய இந்நெறியைத் தழுவியே 1986-ஆம் ஆண்டில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் ‘சிநேகா’ என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பை நிறுவினார். கடல் கடந்து இலண்டனில் தொடங்கிய பணிக்கும் நம் ஊருக்கும் இத்தகைய உறவு உண்டு.

உதவி எண்ணால் பயன் உண்டா என்று சிலர் ஐயுறுவர். சாக வேண்டும் என்று முடிவு செய்தவரைப் பேச்சால் எத்தனை நாள் தடுக்க முடியும் என்பது அவர்கள் வாதம். இதற்கு 1978-ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்தது. கலிபோர்னியாவில் உயிர்விடும் முயற்சியின்போது தடுத்து மீட்கப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்வை ரிச்சர்டு சைடன் என்னும் பேராசிரியர் ஆராய்ந்தார். பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானோர் தற்கொலையால் இறக்கவில்லை. சாவை நோக்கித் தள்ளும் அலை பெரும்பாலும் குறுகிய நேரமே நிற்கும். அந்நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் நிலைக்கும். அந்தச் சில மணி நேரத்தைக் கடத்துவதற்கே உதவி எண்.

தனி வழி ஏற்பட்ட வரலாறு

அமெரிக்காவில் தன்பால் ஈர்ப்புடைய சிறுவன் ஒருவனின் துயரைச் சித்திரிக்கும் ‘டிரெவர்’ என்னும் குறும்படம் 1994-இல் வெளிவந்து, மறு ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது. 1998-இல் அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாக இருந்தபோது, படத்தைக் கண்டு மனம் கலங்கும் இளையோர் அழைப்பதற்கு ஓர் எண்ணைக் கொடுக்கலாம் என்று படக்குழுவினர் தேடினர். அத்தகைய இளையோருக்கென நாடு தழுவிய எண் எதுவும் கிடைக்கவில்லை. எனவே தாமே ஒன்றைத் தொடங்கினர். அதுவே ‘டிரெவர் புராஜெக்ட்’. 2014-இல் திருநர்களே திருநர்களுக்காக நடத்தும் ‘டிரான்ஸ் லைஃப்லைன்’ என்னும் தொலைபேசிச் சேவையும் தோன்றியது.

இவை தனியார் அறப்பணிகள். அரசின் ஆதரவிலோ 2005-ஆம் ஆண்டு முதல் தேசியத் தற்கொலைத் தடுப்பு எண் ஒன்று இயங்கிவந்தது. பத்து இலக்கத்திற்கும் மேற்பட்ட அந்த நீண்ட எண்ணைத் துயரத்தில் இருப்பவர் நினைவுகூர்வது கடினம். எனவே 988 என்னும் மூன்றிலக்க எண்ணை அறிவிக்கும் சட்டம் 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் இரு கட்சியினரின் ஆதரவோடும் நிறைவேறியது. அதில் கையொப்பமிட்டவர் அன்றும் அதிபராக இருந்த டொனால்டு டிரம்ப். தன்பால் ஈர்ப்புடைய இளையோரும் திருநர் இளையோரும் மற்ற இளையோரைக் காட்டிலும் தற்கொலை எண்ணத்திற்கு மிகுதியாக ஆளாகின்றனர் என்பதை அச்சட்டமே குறிப்பிட்டது; அவர்களுக்குத் தகுந்த தனிச்சேவை தேவை என்பதையும் சுட்டியது.

2022-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று 988 நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் உள்ள 200-க்கும் மேற்பட்ட மையங்கள் அதன்வழி இணைக்கப்பட்டன. முன்னாள் படைவீரர்களுக்கு 1, ஸ்பானிய மொழி பேசுவோருக்கு 2 என்னும் வழிகள் இருந்தன. அவ்வாண்டின் பிற்பகுதியில் 3-ஆம் வழி சோதனை முறையில் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு விரிவாக்கப்பட்டது. அதன் அழைப்புகளை ஏற்ற அமைப்புகளுள் டிரெவர் புராஜெக்டும் ஒன்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்குத் தனி எண் 2007-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. போர்க்களம் கண்டவனின் வேதனையைப் போர்க்களம் அறிந்தவரே எளிதில் உணர்வர் என்று அதற்குக் காரணம் கூறப்பட்டது. அதனை எவரும் மறுத்ததில்லை. 3-ஆம் வழியும் அதே காரணத்தால் ஏற்பட்டதே.

தனி வழி எதற்கு?

பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலும், தாம் உள்ளத்தில் உணரும் பாலும் வேறுபடுவோரைத் திருநர் என்று இன்றைய தமிழில் குறிக்கின்றோம். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் 2023-ஆம் ஆண்டில் உயர்நிலைப்பள்ளி மாணவரிடையே நாடளாவிய ஆய்வு ஒன்றை நடத்தியது. மாணவருள் 3.3 விழுக்காட்டினர் தம்மைத் திருநர் என்று குறிப்பிட்டனர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர், முந்தைய ஓராண்டிற்குள் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகத் தெரிவித்தனர். திருநர் அல்லாத மாணவருள் அவ்விகிதம் 5 விழுக்காடு. மாணவியருள் 11 விழுக்காடு. பள்ளியில் ஏளனத்திற்கும் வன்முறைக்கும் ஆளாவதும், நிலையான இருப்பிடம் இன்றித் தவிப்பதும் திருநர் மாணவரிடையே மிகுதி என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

இத்தகைய பிள்ளை ஒன்று இரவு இரண்டு மணிக்கு ஓர் எண்ணை அழைக்கின்றது என்று கொள்வோம். நம் நாட்டில் முன்பின் அறியாதவர் அழைத்தாலும் குரலைக் கேட்டவுடனே ‘சொல்லுங்கள் தம்பி’ என்போம். அல்லது ‘சொல்லம்மா’ என்போம். ஆங்கிலத்திலும் ஐயா என்றோ அம்மா என்றோ விளிப்பதற்குச் சொற்கள் உண்டு. அன்போடு சொல்லப்படும் அந்த ஒரு சொல்லே, அழைத்த பிள்ளைக்கு எந்த வேதனையிலிருந்து தப்ப அழைத்ததோ அந்த வேதனையை நினைவூட்டிவிடும். மறுமுனையில் இருப்பவர் திருத்திக்கொள்வதற்குள் தொடர்பு துண்டிக்கப்பட்டுவிடும். மீண்டும் அழைப்பு வருமா என்பது யாருக்கும் தெரியாது.

மதரஸாவில் பிள்ளைகளோடு நாள்தோறும் பழகும் ஆசிரியர் எவரும் ஒன்றை அறிவர். பிள்ளை தன் உண்மையான ஐயத்தை முதலில் கேட்பதில்லை. வேறெதையோ கேட்கும். ஆசிரியரின் முகத்தையும் குரலையும் பார்க்கும். நம்பலாம் என்று தோன்றிய பின்னரே உள்ளத்தில் உள்ளதைச் சொல்லும். முகமே தெரியாத தொலைபேசியில் அச்சோதனை முழுவதும் குரலின் மீதே நடைபெறும். ‘உன்னை எப்படி அழைக்கட்டும்?’ என்று முதலில் கேட்பது, சொல்லும் பெயரை மறுபேச்சின்றி ஏற்பது, நேரே உயிர் காக்கும் வினாவிற்கு வருவது ஆகிய இவற்றையே தனிப்பயிற்சி கற்பிக்கின்றது.

மூடியவர்கள் கூறிய காரணங்கள்

மூடுவதற்குக் கூறப்பட்ட காரணங்களையும் நேர்மையோடு எடை போட வேண்டும்.

முதற் காரணம் பொதுமை. துயருற்றோர் அனைவருக்கும் 988 திறந்தே உள்ளது; ஒரு பிரிவினருக்கென வேறுபடுத்தத் தேவையில்லை; அச்சேவைக்கென ஒதுக்கப்பட்ட 3 கோடியே 30 இலட்சம் டாலரும் செலவாகிவிட்டது என்று அச்சேவையை மேற்பார்க்கும் அரசுத் துறை 2025 ஜூன் 17 அன்று அறிவித்தது. எல்லா ஆலோசகரும் எல்லாரிடமும் பேசும் திறன் பெற்றிருந்தால் இவ்வாதம் முழுவதும் ஏற்கத்தக்கதே. ஆனால் அந்தத் திறன் தானாக வருவதன்று. தனி வழி மூடப்பட்டபின் கலிபோர்னியா மாநில அரசு, தன் எல்லைக்குள் உள்ள 988 ஆலோசகர்களுக்குப் பயிற்சி அளிக்க டிரெவர் புராஜெக்டோடு ஏற்பாடு செய்துகொண்டது. பொது வழியே போதும் என்பவர்கள் இத்தகைய பயிற்சியை நாடெங்கும் முதலில் அளித்துவிட்டு, பின்னர்த் தனி வழியை மூடியிருக்கலாம். இடைப்பட்ட நாள்களில் அழைத்த பிள்ளைக்கு யார் விடை சொல்வது? அவ்வறிவிப்பில் தன்பால் ஈர்ப்புடையோரைக் குறிக்கும் எழுத்துகள் இருந்தன. திருநரைக் குறிக்கும் எழுத்தோ விடுபட்டிருந்தது. ஆண், பெண் என்னும் இரு பாலை மட்டுமே அரசு ஏற்கும் என்று 2025 ஜனவரி 20 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணையை ஒட்டியது அது. பொதுமை பேசிய அறிவிப்பிலேயே தம் பெயர் இல்லாததை அப்பிள்ளைகள் கவனித்திருப்பர்.

இரண்டாம் காரணம் பெற்றோர் உரிமை. பெற்றோருக்குத் தெரியாமல், அவர்தம் இசைவின்றி, பிள்ளைகளிடம் பால் அடையாளம் குறித்த கருத்துகளை ஆலோசகர்கள் வளர்க்கின்றனர் என்று வெள்ளை மாளிகையின் வரவு செலவுத் துறை குற்றஞ்சாட்டியது. பெற்றோர் என்ற முறையில் நம்முள் பலருக்கு இவ்வாதம் நெஞ்சைத் தொடும். நம் பிள்ளை யாரோ ஒருவரிடம் நள்ளிரவில் பேசுவதை நாம் விரும்புவதில்லை. அது இயல்பே.

எனினும் சிந்திப்போம். நள்ளிரவில் அந்நியரை அழைக்கும் பிள்ளை, பெற்றோரிடம் சொல்ல முடியாத பிள்ளை. ‘நீ அழைத்தால் உன் பெற்றோருக்கு அறிவிப்போம்’ என்றால் அப்பிள்ளை பெற்றோரிடம் போகாது, யாரிடமும் போகாது. உதவி எண்ணில் பேசப்படுவது ஓர் அமானிதம். அதற்கும் எல்லை உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அவசர உதவியை வரவழைக்கும் நெறி 988-இல் இருக்கின்றது. ஆலோசகரும் பெற்றோரை ஒதுக்கிவைக்கச் சொல்வதில்லை. உன் வீட்டில், உன் உறவில், நீ நம்பிச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் இருக்கின்றாரா என்று கேட்பது இப்பணியின் இன்றியமையாத பகுதி. நெருக்கடியில் இருப்பவரோடு சேர்ந்து வகுக்கும் பாதுகாப்புத் திட்டத்தில், உதவி கேட்கத்தக்க குடும்பத்தார், நண்பர் ஆகியோரின் பெயர்களை எழுதச் செய்வதும் ஒரு படி. இந்நெறியை மீறி எந்த ஆலோசகராவது தம் கருத்தைப் பிள்ளையின் மீது திணித்தால் அது தவறு. மேற்பார்வையால் அதனைத் திருத்தலாம். ஓர் ஓட்டுநர் தவறு செய்தார் என்பதற்காக ஆம்புலன்ஸ் வண்டியையே நிறுத்திவிடுவது முறையாகாது.

மறுதிசையிலிருந்தும் குறை கூறப்படுகின்றது. 988 காவலரை வரவழைக்கக்கூடும் என்ற அச்சத்தால் திருநர் பலர் அதனை அழைப்பதில்லை என்பது அக்குறை. அழைப்பவரின் இசைவின்றிக் காவலரையோ அவசர ஊர்தியையோ அனுப்புவதில்லை என்பதை டிரான்ஸ் லைஃப்லைன் தன் கொள்கையாகவே வைத்துள்ளது. மிகச் சிறிய விகிதத்து அழைப்புகளிலேயே தாம் அவசர உதவியை நாடுவதாக 988 தரப்பினர் கூறுகின்றனர். இரு தரப்பிலும் உயிர் மீது அக்கறை உண்டு. ஆனால் அழைப்பவரின் அச்சம் பொய்யன்று என்பதை ஒப்புக்கொண்டால்தான் நம்பிக்கை வளரும்.

கலக்கக் கூடாத இரு வழக்குகள்

இவ்விவாதத்தில் பெருங்குழப்பம் ஒன்று உண்டு. திருநர் சிறாருக்கு இயக்குநீர் மருந்து தரலாமா, கூடாதா என்பது வேறொரு வழக்கு. அதில் மருத்துவர்களே பிரிந்து நிற்கின்றனர். இங்கிலாந்தில் மருத்துவர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் அளித்த அறிக்கை, அத்தகைய மருத்துவத்திற்குரிய சான்றுகள் வலுவற்றவை என்றது. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல அதனை ஏற்கவில்லை. 2025 ஜூன் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறாருக்கு அம்மருத்துவத்தைத் தடை செய்த டென்னசி மாநிலச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 3-ஆம் வழி மூடப்படும் என்ற அறிவிப்பு வந்ததோ அதற்கு முந்தைய நாள். இரண்டும் அடுத்தடுத்து வந்ததால் மக்கள் மனத்தில் ஒன்றாகிவிட்டன.

ஆனால் உதவி எண்ணில் மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை. அங்கு இருப்பது ஒரு குரலும் ஒரு செவியும் மட்டுமே. முதல் வழக்கில் எத்தரப்பைச் சார்ந்தவரும் இரண்டாவதில் உயிரின் தரப்பில் நிற்கலாம்.

தற்கொலையை வாதத்தின் ஆயுதமாக்குவதும் தீங்கு. இங்கிலாந்தில் அரசின் வேண்டுகோளின்படி இதனை ஆராய்ந்த பேராசிரியர் லூயிஸ் ஆப்பிள்பி, சிகிச்சை மறுக்கப்பட்டதால் இளையோர் பெருமளவில் இறக்கின்றனர் என்று பரப்பப்பட்ட கூற்றுக்குப் புள்ளிவிவரம் துணை நிற்கவில்லை என்று 2024 ஜூலையில் எடுத்துரைத்தார். ‘இது கிடைக்காவிட்டால் நீ இறப்பாய்’ என்று ஒரு பிள்ளையின் காதில் விழும்படி பேசுவதே ஆபத்து என்றும் எச்சரித்தார். ‘இவர்கள் நடிக்கின்றனர்; இவர்களுக்கு ஒன்றும் ஆகாது’ என்று எள்ளி நகையாடுவது அதற்கு எதிர்ப்புறத்து ஆபத்து. இரு தரப்பாரின் கூச்சலும் அந்தப் பிள்ளையின் காதில்தான் விழுகின்றது.

நம் சமுதாயம் அறிந்த உண்மை

தனி வழி என்பது நம் சமுதாயத்திற்கும் புதிதன்று. 2001-ஆம் ஆண்டில் இலண்டனில் முஸ்லிம் இளைஞர்கள் சிலர் ‘முஸ்லிம் யூத் ஹெல்ப்லைன்’ என்னும் உதவி எண்ணை ஏற்படுத்தினர். பிரிட்டனில் பொதுவான உதவி எண்கள் அப்போதும் இருந்தன. எனினும் தொழுகை, நோன்பு, குடும்ப மானம், திருமணப் பேச்சு ஆகியவற்றின் பின்னணியை ஒவ்வொரு முறையும் விளக்கிச் சொல்லி, அதன் பின்னரே தன் வேதனையைச் சொல்ல வேண்டிய நிலை முஸ்லிம் பிள்ளைகளுக்கு இருந்தது. வீட்டிலும் பள்ளிவாசலிலும் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு, தம்மை அறிந்த ஒரு குரல் தேவைப்பட்டது. கனடாவில் ‘நஸீஹா’ என்னும் பெயரில் அத்தகைய சேவை நடைபெறுகின்றது. நம் பிள்ளைகளுக்குத் தனி வழி நியாயமெனில், அதே நியாயத்தை மற்றொருவர் கோரும்போது மறுப்பது எவ்வாறு?

அமெரிக்காவில் இச்சேவையை எதிர்ப்போருள் சமயப்பற்று மிக்கவர்கள் பலர். நம்மிடையேயும் மார்க்கத்தின் பெயரால் ஐயம் எழும். ஆண், பெண் எனத் தெளிவாகப் பிரித்தறிய இயலாத உடலமைப்புடையவரான குன்ஸாவைப் பற்றி, தொழுகையில் நிற்கும் இடம் முதல் வாரிசுரிமை வரை ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. இன்று திருநர் என்னும் சொல்லால் குறிக்கப்படும் நிலை அதனினும் விரிந்தது. அதுபற்றி உலமாக்களிடையே ஆய்வும் கருத்து வேறுபாடும் தொடர்கின்றன. அவற்றிற்குரிய இடம் வேறு. கிணற்றில் விழுந்தவரின் கொள்கையை விசாரித்த பின் கயிறு வீச வேண்டும் என்று எந்த மார்க்க அறிஞரும் கூறமாட்டார். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று என்பதை மதரஸாவின் மாணவரும் அறிவர்.

இல்லத்தில் இருக்க வேண்டிய செவி

அமெரிக்காவில் 3-ஆம் வழியை மீட்பதற்கான முயற்சி ஓயவில்லை. மூடிய அதே ஆண்டில் இரு கட்சிகளையும் சேர்ந்த செனட் உறுப்பினர்கள் அதற்கென ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தனர். எந்த நாட்டிலும் எந்த உதவி எண்ணும் வீட்டிற்கு ஈடாகாது. வீட்டில் செவி இல்லாதபோதே பிள்ளை வெளியே செவியைத் தேடுகின்றது.

சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கெய்ட்லின் ரயன் என்னும் ஆய்வாளர், தன்பால் ஈர்ப்புடைய இளையோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். குடும்பத்தாரால் கடுமையாகப் புறக்கணிக்கப்பட்டவர்கள், புறக்கணிப்பு இல்லாதவர்களைக் காட்டிலும் 8 மடங்கிற்கும் மேலாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தனர் என்று 2009-இல் அவர் வெளியிட்டார். அவரது பணியில் நாம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. சமயப்பற்று மிக்க பெற்றோரிடம், உங்கள் நம்பிக்கையைக் கைவிடுங்கள் என்று அவர் கூறவில்லை. எந்தச் செயல் பிள்ளையைச் சாவை நோக்கித் தள்ளுகின்றது, எது தடுக்கின்றது என்பதைப் பிரித்துக் காட்டினார். அடிப்பது, வீட்டை விட்டு விரட்டுவது, உறவினர் முன் இழிவுபடுத்துவது, குடும்ப விழாக்களிலிருந்து ஒதுக்கிவைப்பது ஆகியவை முதல் வகை. உடன்பாடு இல்லாதபோதும் உடன் அமர்ந்து கேட்பது, பிறர் ஏளனம் செய்யும்போது பிள்ளையின் பக்கம் நிற்பது, ‘நீ எங்கள் பிள்ளை’ என்று வாய்விட்டுச் சொல்வது ஆகியவை இரண்டாம் வகை. நம்பிக்கையில் உறுதியாக நின்றுகொண்டே இரண்டாம் வகையைச் செய்ய எந்தப் பெற்றோராலும் முடியும்.

இதற்குத் திருநர் பிள்ளை இருக்கும் வீடாக இருக்க வேண்டும் என்பதில்லை. தேர்வில் தோற்ற மகன், மணவாழ்வில் நொந்த மகள், கடனில் சிக்கிய தம்பி என எவருக்கும் இதே செவி வேண்டும். பிள்ளை ஒடுங்கிப் பேச்சைக் குறைத்தால், தனக்குப் பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டால், ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்பது போலப் பேசினால், அதனைப் பொருட்படுத்துங்கள். ‘உயிரை விட்டுவிடலாம் என்று உனக்குத் தோன்றுகின்றதா?’ என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. விடை எதுவாயினும் அதிராதீர்கள், ஏசாதீர்கள், அவ்விரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மறுநாளே மருத்துவரை நாடுங்கள்.

காவல்துறை வழக்குக்கு அஞ்சி மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும். அவருக்கு உரியது தண்டனை அன்று, சிகிச்சையே என்பது நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நெறி. நடுவண் அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். பிள்ளையும் அழைக்கலாம், பிள்ளையை எண்ணிக் கலங்கும் தாயும் அழைக்கலாம்.

இவ்வெண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டிவையுங்கள். யாருக்காக என்று பிள்ளைகள் கேட்டால், யாருக்கு வேண்டுமானாலும் என்று சொல்லுங்கள். அந்தத் தாளைப் பார்க்கும் பிள்ளை, இவ்வீட்டில் இதைப் பற்றிப் பேசலாம் என்பதை அறிந்துகொள்ளும்.